ஆக்டிவ் நெமாட்டிக் ஓட்டம்: கைனசினின் எந்தக் குணம் எதை மாற்றும், எப்படிப் பிரித்தறிவது

நுண்குழாயும் (செல்லுக்குள் இருக்கும் புரதக் குழாய்) கைனசினும் (ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்து அதன்மேல் நடக்கும் மோட்டார் புரதம்) சேர்ந்த ஆக்டிவ் நெமாட்டிக் (ஒரே வாக்கில் அணிவகுத்து, தானே தள்ளிக்கொண்டு ஓடும் படலம்) ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் முதலில் அளப்பது சராசரி வேகத்தை. வேகம் குறைந்தால் மோட்டார் கெட்டுவிட்டது, கூடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு பாதி நேரம் தவறாகப் போகும். ஒரு மோட்டார் கொத்து (சேர்த்துக் கட்டிய சில கைனசின்கள்) பக்கத்து நுண்குழாய்களைத் தள்ளுகிறது. தள்ளும் அதே நேரத்தில் அவற்றைப் பிணைத்தும் வைத்திருக்கிறது. தள்ளுவதால் ஓட்டம் வருகிறது. பிணைப்பதால் படலம் விறைக்கிறது. வேகம் என்ற ஒற்றை எண்ணில் இந்த இரண்டும் கலந்துதான் தெரியும்.

பிரிப்பதற்கு வேகத்தோடு ஒரு நீளத்தையும் அளந்தால் போதும். அதற்கு முன், ஒப்பிடத் தகுந்த மாதிரி கையில் வேண்டும். நாளுக்கு நாள் மாறும் மாதிரியில் மோட்டாரின் குணத்தை ஆராய முடியாது.

அடிப்படை மாதிரி

இங்கே சொல்வது அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டோகிச் குழு 2012-ல் வெளியிட்ட அமைப்பும், அதிலிருந்து வளர்ந்த வழக்கமும். தாங்கல் கரைசல் எம்2பி: 80 மில்லிமோலார் பைப்ஸ், 1 மில்லிமோலார் ஈஜிடிஏ, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, பிஹெச் 6.8.

நுண்குழாய்: 8 மில்லிகிராம்/மில்லிலிட்டர் டியூபுலின் (குழாயைக் கட்டும் புரதம்), அதில் 3 முதல் 4 விழுக்காடு ஒளிரும் சாயம் ஏற்றியது, 0.6 மில்லிமோலார் ஜிஎம்பிசிபிபி (ஜிடிபிக்குப் பதிலாகச் சேர்ப்பது), 1 மில்லிமோலார் டிடிடி. 37 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு அறை வெப்பத்தில் சில மணி நேரம். சிறு பங்குகளாகப் பிரித்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மைனஸ் 80-ல் வைக்கவும். சராசரி நீளம் 1 முதல் 1.5 மைக்ரான் வரவேண்டும். ஜிஎம்பிசிபிபி மெல்ல நீர்ப்பகுப்படைவதால் நுண்குழாய் தானாகச் சுருங்காது. ஆனால் உருக்கிய குழாய்கள் அறை வெப்பத்தில் நின்றால் முனையோடு முனை ஒட்டி நீளும். காலையில் உருக்கியதையும் மாலையில் மிஞ்சியதையும் ஒரே தொகுதி என்று எண்ண வேண்டாம். நீளம் மாறினால் மீள்தன்மை (படலத்தின் விறைப்பு) மாறும், அந்தப் பழியை மோட்டார் சுமக்கும்.

மோட்டார் கொத்து: கே401 என்பது டிரோசோஃபிலா கைனசின்-1-ன் முதல் 401 அமினோ அமிலங்கள், வால் பக்கத்தில் பயோட்டின் ஏறியிருக்கும். பயோட்டினைப் பிடித்து மோட்டார்களைக் கொத்தாகக் கட்டும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தோடு, பயோட்டினுக்கு ஸ்ட்ரெப்டாவிடின் ஏறக்குறைய 1.7-க்கு 1 என்ற விகிதத்தில், பனிக்கட்டி மேல் 30 நிமிடம் வைக்கவும். இந்த விகிதத்தைக் கடைசித் துளி வரை கவனிக்க வேண்டும். ஸ்ட்ரெப்டாவிடின் கூடிப்போனால் ஒவ்வொன்றிலும் ஒரே மோட்டார்தான் உட்காரும். இரண்டு குழாய்களைப் பிடிக்க ஆளிருக்காது, படலம் அசையவே அசையாது. மோட்டார் கூடிப்போனால் கொத்தில் சேராத மோட்டார்கள் குழாய்மேல் தனியாக நடந்து ஏடிபியைத் தின்னும், இடத்தையும் அடைக்கும். கே401 இரட்டைத் தலை (குழாயைப் பிடித்து நடக்கும் பகுதி) கொண்டது, ஆகவே ஒரு மூலக்கூறில் இரண்டு பயோட்டின் இருக்கும். ஸ்ட்ரெப்டாவிடினுக்கு நான்கு இடங்கள். சங்கிலியாகப் பெரிய திரள்கள் உருவாக வாய்ப்பு அதிகம், அதனால் கலவையைக் கலக்குவதிலும் காத்திருப்பதிலும் ஒரே நேரக்கணக்கைப் பின்பற்றவும்.

கடைசிக் கலவையில் நுண்குழாய் 1.3 மில்லிகிராம்/மில்லிலிட்டர், மோட்டார் 100 நானோமோலார் வரிசையில், குழாய்களைக் கற்றையாக நெருக்கும் பாலிமரான 20 கிலோடால்டன் பெக் 0.6 முதல் 0.8 விழுக்காடு, ஏடிபி 1.4 மில்லிமோலார், ஃபாஸ்ஃபோஈனால்பைருவேட் 26 மில்லிமோலார், கூடவே பைருவேட் கைனேஸ் (இவ்விரண்டும் செலவான ஏடிபியை மீளாக்கும்). ஒளியால் வரும் சேதத்தைத் தடுக்க குளுக்கோஸ், குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ், கேட்டலேஸ், 5.5 மில்லிமோலார் டிடிடி, 2 மில்லிமோலார் ட்ரோலாக்ஸ். ஏடிபி மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மேலும் 3 மில்லிமோலார் அளவுக்கு மெக்னீசியம் சேர்க்கவும். ஏடிபி மூலக்கரைசலின் பிஹெச்சைச் சரிசெய்யாமல் விட்டால் கலவை முழுதும் அமிலமாகும். இது அடிக்கடி நடக்கிற, அடிக்கடி கண்ணில் படாமல் போகிற தவறு.

ஏடிபி மீளாக்கம் ஏன் கட்டாயம் என்பதற்கு ஒரு கணக்கு. கைனசின்-1 ஓர் அடிக்கு 8 நானோமீட்டர் நடக்கும், அடிக்கு ஒரு ஏடிபி. நொடிக்கு 0.8 மைக்ரான் என்றால் நொடிக்கு 100 ஏடிபி. 100 நானோமோலார் மோட்டார் முழுவீச்சில் நடந்தால் நொடிக்கு 10 மைக்ரோமோலார் செலவு, 1.4 மில்லிமோலார் இரண்டரை நிமிடம்கூடத் தாங்காது. எல்லா மோட்டாரும் எப்போதும் முழுவீச்சில் நடப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 25 அல்லது 50 மைக்ரோமோலார் ஏடிபியில் அளக்கப்போகிறவர் மீளாக்கம் இல்லாமல் அளந்தால், முதல் படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் இடையில் வேறு சோதனையே நடந்திருக்கும்.

அறை: ஒரு கண்ணாடியில் அக்ரிலமைடு தூரிகைப் பூச்சு, மறுபக்கக் கண்ணாடி நீர்வெறுக்கும் பூச்சு. இடையில் சுமார் 100 மைக்ரான் தடிமனுள்ள இடைவெளித் தாள், கால்வாய் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். முதலில் எச்எஃப்இ-7500 எண்ணெயை, அதில் 1.8 விழுக்காடு பெர்ஃபுளூரோ–பெக் பரப்பியங்கியோடு, நிரப்பவும். பிறகு கலவையை ஏற்றினால் எண்ணெய் வெளியேறி, நீர்வெறுக்கும் கண்ணாடிமேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் நிற்கும். இரு முனைகளையும் புறஊதாப் பசையால் அடைக்கவும்; அப்போது நடுப்பகுதியை மறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பக்கம் கீழே இருக்கும்படி மையவிலக்கியில் தட்டையாக வைத்து சுமார் 200 ஜி-யில் 10 நிமிடம் சுற்றினால் கற்றைகள் எண்ணெய்–நீர் இடைமுகத்தில் படிந்து இருபரிமாணப் படலமாகும்.

படிந்ததும் அளக்க அவசரம் வேண்டாம். குறைப்புள்ளிகளின் (அணிவகுப்பு உடைந்திருக்கும் புள்ளிகளின்) எண்ணிக்கை நிலைப்பட 20 முதல் 30 நிமிடம் ஆகும். படலம் முழுதும் ஒரே பக்கமாக நகர்ந்தால் அது மோட்டாரின் வேலை கிடையாது, பசையில் கசிவு.

இரண்டு எண்கள்

நெமாட்டிக்காக அணிவகுத்த, தானே தள்ளிக்கொள்ளும் ஊடகம் நிலையாக நிற்க முடியாது என்பதை அதிதி சிம்ஹாவும் பெங்களூரு ஶ்ரீராம் ராமஸ்வாமியும் 2002-ல் கோட்பாடாகக் காட்டினார்கள். கைனசின் படலம் தன் நீளவாக்கில் விரிந்து தள்ளும் வகை. அதனால் நேரான கற்றை வளைகிறது, வளைவு முற்றி உடைகிறது, உடையும் இடத்தில் +1/2, -1/2 குறைப்புள்ளிகள் இணையாகப் பிறக்கின்றன. வால்மீன் வடிவ +1/2 தானே ஓடும். முக்கோண வடிவ -1/2 பெரும்பாலும் பிறர் இழுத்த இழுப்புக்குப் போகும்.

எந்த நீளத்தில் வளைவு வெல்லும் என்பதை மீள்தன்மையும் தள்ளுவிசையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்தச் செயல்நீளம், மீள்தன்மையைத் தள்ளுதகைவால் (மோட்டார்கள் படலத்தில் உண்டாக்கும் தள்ளுவிசையின் அளவு) வகுத்ததன் வர்க்கமூலம். வேகம், அவ்விரண்டின் பெருக்கலின் வர்க்கமூலத்தைப் பாகுத்தன்மையால் வகுத்தது. இதை ஆய்வுமேசைக்குத் திருப்பிப்போட்டால் மிக எளிதான விதி கிடைக்கும்:

வேகம் ÷ நீளம் = தள்ளுதகைவு ÷ பாகுத்தன்மை
வேகம் × நீளம் = மீள்தன்மை ÷ பாகுத்தன்மை

நீளத்துக்குச் சுழற்சியின் இடத்தொடர்பு (ஓரிடத்துச் சுழற்சி தள்ளியுள்ள இடத்தோடு ஒத்துப்போகும் அளவு) எந்தத் தூரத்தில் விழுகிறது என்பதை எடுக்கலாம்; குறைப்புள்ளிகளின் பரப்படர்த்தியின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கியும் எடுக்கலாம். இரண்டையும் எடுங்கள். இரண்டின் விகிதம் சோதனைக்குச் சோதனை மாறாமல் இருந்தால் இந்த விதி உங்கள் மாதிரியில் செல்லும். மாறினால் பெருக்கல், வகுத்தல் எதையும் நம்பவேண்டாம். மிகக் குறைந்த ஏடிபியில் இப்படி மாறுவதைப் பார்க்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. தொடக்கத்தில் வேகம் நொடிக்கு 5 மைக்ரான், நீளம் 50 மைக்ரான். வகுத்தால் 0.1, பெருக்கினால் 250. ஏதோ மாற்றிய பிறகு வேகம் 2.5, நீளம் 100 என்று வந்தால் வகுத்தல் 0.025, பெருக்கல் அதே 250: தள்ளுவது நான்கில் ஒரு பங்காகிவிட்டது, விறைப்பு மாறவில்லை. வேகம் 2.5, நீளம் 50-லேயே நின்றால் இரண்டும் ஒரே விகிதத்தில் பாதியாகியிருக்கின்றன. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது பாகுத்தன்மை. எண்ணெய்ப் படலம் தடித்ததா மெலிந்ததா என்று பாருங்கள். ஆளை ஏமாற்றுவது மூன்றாவது வகை: வேகம் 5-லேயே நிற்கிறது, நீளம் 100 ஆகிவிட்டது. தள்ளுதல் பாதி, விறைப்பு இருமடங்கு. வேகத்தை மட்டும் எழுதிவைத்தவர் குறிப்பேட்டில் "மாற்றம் இல்லை" என்றுதான் இருக்கும்.

வேகத்தை எப்படி அளப்பது என்பதில் ஒரு பொறி உண்டு. எல்லாக் குழாயும் ஒளிரும் படத்தில் பிஐவி (அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு வேகம் காணும் முறை) ஓட்டினால், கற்றையின் நீளவாக்கில் நடக்கும் நகர்வு அதற்குத் தெரியாது. கோடு தன்மேலேயே வழுக்கினால் படம் மாறுவதில்லை அல்லவா. குறுக்கு நகர்வு மட்டும் பதிவாகி வேகம் குறைவாகவும், சுழல்களின் வடிவம் பிழையாகவும் வரும். சாயமில்லாத குழாய்களுக்கு நடுவே பல ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில் வேறு நிறச் சாயம் ஏற்றிய குழாய்களைத் தூவி, அவற்றைத் துகள்களாகப் பின்தொடர்வதே பாதுகாப்பு. 10 மடங்கு பொருளருகு வில்லையில், 6.5 மைக்ரான் பிக்சல் கேமராவில், ஒரு பிக்சல் 0.65 மைக்ரான். நொடிக்கு 5 மைக்ரான் ஓட்டத்துக்கு நொடிக்கு ஒரு படம் என்றால் சுமார் 8 பிக்சல் நகர்வு; அதற்கு மேல் இடைவெளி விடவேண்டாம். திசைப்புலத்துக்கு (எந்த இடத்தில் குழாய்கள் எந்த வாக்கில் என்பதற்கு) போல்ஸ்கோப் என்ற முனைவாக்க ஒளி நுண்ணோக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒளிர்படத்தில் வெளிச்சம் மாறும் வாக்கைக் கணக்கிடும் சாய்வு டென்சர் போதும்.

மோட்டாரின் குணங்கள்

ஏடிபி. தொடங்க எளிதான குமிழ் (நாம் திருகி மாற்றக்கூடிய அளவு). 10, 25, 50, 100, 250, 1000 மைக்ரோமோலார் என்று அடுக்குங்கள். வேகம் ஏறித் தேங்கும். கைனசின்-1-ன் பாதிவேக அளவு பத்துகளிலிருந்து நூறு மைக்ரோமோலார் வரை என்பதால் அதன் இருபுறமும் புள்ளிகள் வேண்டும். ஏடிபி குறையும்போது குறைப்புள்ளிகள் அரிதாகி, சுழல்கள் பெரிதாகும். மோட்டாரின் தலை ஏடிபி வரும்வரை குழாயை விடாது. ஏடிபி இல்லாத தலை இறுகப் பிடித்த பிணைப்பு. ஆகவே ஏடிபியைக் குறைப்பவர் தள்ளுதலைக் குறைப்பதோடு, அறியாமலே பிணைப்பையும் கூட்டுகிறார். வேகம் × நீளம் என்ற பெருக்கல் ஏறுகிறதா என்று பார்த்தால் இது தெரியும்.

நீடித்து நடக்கும் திறன். இதுதான் இந்தத் துறையில் மிகச் சுவையான குமிழ், பலர் தொடாததும்கூட. கே401 ஒருமுறை ஏறினால் சுமார் நூறு அடி, ஏறக்குறைய 1 மைக்ரான், நடந்துவிட்டுத்தான் இறங்கும். கே365 அதே மோட்டாரை 365-வது அமினோ அமிலத்தில் வெட்டியது: இரட்டையாகச் சேராது, ஒரு தலை, ஓர் அடி வைத்ததும் இறங்கிவிடும். தனியாளாகப் பார்த்தால் கே365 உதவாக்கரை. கூட்டத்தில் கதை வேறு. நுண்குழாய் ஒன்றைப் பல கொத்துகள் ஒரே நேரத்தில் பிடித்திருக்கின்றன. எல்லாக் கே401-உம் ஒரே தாளத்தில் நடப்பதில்லை. முன்னேறுகிறவனுக்கு, இன்னும் அடி எடுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பவன் முட்டுக்கட்டை. கே365 தன் அடியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நேரப்போக்கிலும் வேறுபாடு தெரியும்: கே401 மாதிரி வயதாக ஆக மெல்ல வேகமிழக்கும், கே365 மாதிரி எரிபொருள் தீரும்வரை ஏறத்தாழ ஒரே சீராக ஓடி, பிறகு நிற்கும். மணிக்கணக்கில் அளக்க வேண்டிய சோதனைக்குக் கே365-ஐ எடுங்கள். பிணைப்பையே ஆராய வேண்டுமானால் கே401.

இரண்டையும் ஒப்பிடும்போது மோலார் அளவைச் சமமாக வைத்தால் மட்டும் ஒப்பீடு நியாயமாகாது. கே365-ல் பயோட்டின் ஒன்று, கே401 இரட்டையில் இரண்டு. ஸ்ட்ரெப்டாவிடின் விகிதத்தைப் பயோட்டின் கணக்கில் மறுபடி கணக்கிட்டு, 1-லிருந்து 2 வரை நாலைந்து விகிதங்களில் ஓட்டி, உச்சம் தரும் இடத்தில் ஒப்பிடவும்.

கொத்தில் எத்தனை தலை. ஸ்ட்ரெப்டாவிடின் கொத்துகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் இந்தக் கேள்விக்கு அது நல்ல கருவி இல்லை. டிஎன்ஏ இழையால் கட்டிய கொத்துகளில் எண்ணிக்கையும் இடைவெளியும் கையில் இருக்கும். ஆக்டின் என்ற வேறொரு புரத இழையின் பக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகக் குழு, அதன்மேல் நடக்கும் மோட்டாரான மையோசினின் செயற்கை வடிவங்களை வைத்துத் தலை எண்ணிக்கை, வேகம், நீடிப்பு மூன்றையும் தனித்தனியே மாற்றிப் பார்த்திருக்கிறது. அங்கே வந்த விடை கைனசின்காரர்களும் மனத்தில் வைக்கவேண்டியது: மோட்டார் வேகத்தைக் கூட்டக் கூட்ட ஓட்டம் கூடிக்கொண்டே போவதில்லை, ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது. வேகமாக நடக்கும் மோட்டார் வேகமாக இறங்கவும் செய்கிறது. பிணைப்பு குறைந்தால் ஒருவர் தள்ளியது அடுத்தவருக்குப் போய்ச் சேராது. தலைகளைக் கூட்டினால் ஒன்று இறங்கினாலும் மற்றொன்று பிடித்திருக்கும்.

இதிலிருந்து வரும் ஒரு சோதனை: மோட்டார் அல்லாத பிணைப்புப் புரதத்தைத் துளித்துளியாகச் சேர்ப்பது. நுண்குழாய்க்குப் பிஆர்சி1, ஆக்டினுக்கு ஃபிலமின். பிஆர்சி1 எதிரெதிர்த் திசைக் குழாய்களைப் பிணைப்பதால் பெக் இல்லாமலேயே கற்றை கட்டும். சேர்த்ததும் ஓட்டம் கூடினால் உங்கள் மாதிரி பிணைப்புப் பற்றாக்குறையில் இருந்தது என்று பொருள். உடனே குறைந்தால் ஏற்கெனவே போதுமான அளவுக்குமேல் கட்டுண்டு கிடந்தது. மோட்டாரைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று குழம்பும்போது இதைவிட விரைவாக விடை தரும் சோதனை கிடையாது.

மோட்டாரின் அளவு. குறைந்தால் படலம் துண்டு துண்டாக நகரும், தள்ளுதல் தொடர்பற்றுப் போகும். கூடினால் முதலில் வேகம் ஏறும், பிறகு தேங்கும், இன்னும் போனால் கற்றைகள் திரண்டு இடையில் கருப்பு ஓட்டைகள் விழும். ஓட்டை விழுந்த படலத்தில் அளந்த நீளம் ஓட்டைகளின் நீளம்; அந்தத் தரவை எறிந்துவிடவும்.

வெப்பம். மேடையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தாதவர்கள் அதிகம். கைனசினின் வேகம் வெப்பத்தோடு தெளிவாக ஏறும், 35 டிகிரியைத் தாண்டினால் மோட்டார் கெடத் தொடங்கும். ஏசி அணைந்த மாலையில் வந்த "புதிய விளைவு" பலவற்றுக்கு இதுவே காரணம். மேடையை 22 அல்லது 25 டிகிரியில் பூட்டிவிட்டு அளக்கவும்.

எண்ணெய். இது மோட்டாரின் குணம் அல்ல, ஆனால் மோட்டாரைப் போல நடிக்கும். இடைமுகத்துக்கு அடியிலுள்ள எண்ணெயின் பாகுத்தன்மையை ஏற்றினால் வேகம் குறையும், குறைப்புள்ளிகள் கூடும். பார்சிலோனாக் குழுவினர் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். எனவே ஒரு தொடர் முழுதும் ஒரே புட்டி எண்ணெய், ஒரே பரப்பியங்கிக் கரைசல். உராய்வு ஓங்கும் நிலையில் மேலே சொன்ன இரட்டை விதியும் மாறிவிடும்.

ஓடாதபோது

கற்றை இருக்கிறது, அசைவு இல்லை என்றால் அதே கலவையில் ஸ்ட்ரெப்டாவிடினைப் பாதியாக்கி ஒன்று, மோட்டாரைப் புதிய பங்கிலிருந்து எடுத்து ஒன்று என்று இரண்டு மாதிரி போடுங்கள். முதலாவது ஓடினால் விகிதம் தவறு, இரண்டாவது ஓடினால் பழைய பங்கு உருகி உறைந்திருக்கிறது. இரண்டும் ஓடாவிட்டால் ஏடிபியின் பிஹெச், மெக்னீசியம், பிறகு டிடிடியின் வயது என்ற வரிசையில் பாருங்கள்.

கற்றைகள் இடைமுகத்துக்கு வராமல் மேலே மிதந்தால் பெக் போதவில்லை, அல்லது பரப்பியங்கி பழையது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அக்ரிலமைடுப் பூச்சு தேய்ந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் வைத்த கண்ணாடியை நம்பவேண்டாம்.

விளக்கு படும் இடம் மட்டும் நின்றுபோனால் ஆக்ஸிஜன் நீக்கி வேலை செய்யவில்லை. மாதிரி முழுதும் சில நிமிடங்களில் மந்தமாகி, விளிம்பிலிருந்து நடுவுக்கு அந்த மந்தம் பரவினால் காற்று கசிகிறது: குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் ஓயாமல் குளுக்கோனிக் அமிலம் செய்து பிஹெச்சை இறக்கிக்கொண்டிருக்கும். இதைக் கே401-ன் இயல்பான சோர்வோடு குழப்பிக்கொள்வது எளிது. பிரித்தறிய அதே கலவையில் கே365-ஐ வைத்து ஓட்டிப்பாருங்கள். அதுவும் அதே நேரத்தில் மந்தமானால் பசையை மாற்றுங்கள், மோட்டாரை விட்டுவிடுங்கள்.